கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் கைமாறினால்...

வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் வருகின்றன. சற்று விலகிப் பேரணாம்பட்டு. வேலூருக்குக் கிழக்கே இராணிப்பேட்டை. இவை தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். இங்கே பதனிடப்படும் தோலும், தைக்கப்படும் காலணிகளும் கடல் கடந்து ஐரோப்பிய நாடுகள் வரை செல்கின்றன.

ஒரு ஜோடி ஷூ கப்பலேறும் முன்பு அதைப் பற்றி எத்தனை கணக்குகள் எழுதப்பட வேண்டியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைத் தோல் யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது? எந்த டிரம்மில், எவ்வளவு குரோமிய உப்புடன் பதனிடப்பட்டது? பதனிட்ட தோலின் பரப்பு எவ்வளவு? அது எந்த ஆர்டருக்கு வெட்டப்பட்டது? தைத்தவர்களின் சம்பளம் என்ன? முன்னாளில் இவற்றையெல்லாம் தடித்த பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். இன்று பெரிய தொழிற்சாலைகளில் கணிப்பொறி இவ்வேலையைச் செய்கிறது. அதை இயக்கும் கட்டளைத் தொகுப்பே வணிக மென்பொருள்.

இந்த மென்பொருளைத் தோல் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தாமே எழுதிக்கொள்வதில்லை. அதற்கென உள்ள நிறுவனங்களிடம் வாங்குகின்றன. ஒருநாள் காலையில், அந்தச் சிறிய நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் டிரம்கள் வழக்கம்போல் சுழல்கின்றன. தையல் இயந்திரங்களும் ஓடுகின்றன. ஆனால் நாளை கணக்கில் ஒரு கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவது?

வாங்கப்படுவது எது?

ஒரு தோல் தொழிற்சாலையை விலைக்கு வாங்கினால் நிலம், கட்டடம், டிரம்கள், கொதிகலன் எல்லாம் கிடைக்கும். மென்பொருள் நிறுவனத்தில் சில கணிப்பொறிகளும் மேசை நாற்காலிகளுமே கண்ணுக்குத் தெரியும். பிறகு ஏன் கோடிக்கணக்கில் விலை?

கண்ணுக்குத் தெரியாத மூன்று பொருள்களுக்கே அந்த விலை. முதலாவது, பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கட்டளைத் தொகுப்பு. இரண்டாவது, அதை எழுதியவர்களின் அறிவு. மூன்றாவது, அதைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள். ஒரு தொழிற்சாலை தன் பத்தாண்டுக் கணக்கை ஒரு மென்பொருளில் வைத்துவிட்டால் வேறொன்றுக்கு மாறுவது எளிதன்று. ஆகவே வாடிக்கையாளர் ஆண்டுதோறும் பணம் செலுத்திக்கொண்டே இருப்பார். வாங்குபவர் கணக்கிடுவது இதைத்தான்.

நம் நாட்டில் நடந்த ஒரு விற்பனை

இந்தியாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐ-பிளெக்ஸ். சிட்டி வங்கிக் குழுமத்தின் ஆதரவில் தோன்றி வளர்ந்த இந்த நிறுவனம், வங்கிகளின் வரவு செலவைக் கவனிக்கும் 'பிளெக்ஸ்கியூப்' என்ற மென்பொருளை உருவாக்கிப் பல நாட்டு வங்கிகளுக்கு விற்றது. அமெரிக்காவின் ஆரக்கிள் நிறுவனமோ தகவல்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளில் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில், சிட்டி குழுமத்திடம் இருந்த ஐ-பிளெக்ஸ் பங்குகளை, அதாவது ஏறத்தாழ 41 விழுக்காட்டை, வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. விலை ஏறத்தாழ 59 கோடி டாலர்.

பெரிய பங்குதாரருக்கு நல்ல விலை கொடுத்து நிறுவனத்தைக் கைப்பற்றிவிட்டு, சிறிய பங்குதாரர்களைக் கைவிடலாமா? கூடாது என்கிறது நம் நாட்டு விதி. ஐ-பிளெக்ஸ் விற்பனையிலும் பொதுமக்களின் பங்குகளுக்கு விலை சொல்லி ஆரக்கிள் அழைப்பு விடுக்க வேண்டியிருந்தது. 2011இல் செபி வகுத்த விதிப்படி, பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் 25 விழுக்காட்டை எட்டுபவர், மேலும் 26 விழுக்காட்டை வாங்க முன்வர வேண்டும்.

2008இல் ஐ-பிளெக்ஸின் பெயர் 'ஆரக்கிள் பைனான்சியல் சர்வீசஸ் சாப்ட்வேர்' என மாறியது. பிளெக்ஸ்கியூப் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. வங்கிகள் நன்கு அறிந்த பெயரை அழிப்பதால் வாங்கியவருக்கு என்ன இலாபம்?

ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள்

வாங்கும் நிறுவனத்திடம் அதே வேலையைச் செய்யும் மென்பொருள் முன்பே இருந்தால் சிக்கல் தொடங்கும். 2003ஆம் ஆண்டு ஜூனில் பீப்பிள்சாப்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஆரக்கிள் 510 கோடி டாலர் விலை கூறியபோது இதுவே நேர்ந்தது. இரண்டும் வணிக மென்பொருளில் போட்டியாளர்கள். பீப்பிள்சாப்ட் மறுத்தது. 'எங்களை வாங்கியவர் இந்த மென்பொருளைக் கைவிட்டால், நீங்கள் கொடுத்த தொகையைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் திருப்பித் தருவோம்' என்று தன் வாடிக்கையாளர்களுக்கு உறுதி எழுதிக் கொடுத்தது. போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2004இல் ஆரக்கிள் வென்றது. இறுதியில் ஏறத்தாழ 1,030 கோடி டாலருக்கு 2005 ஜனவரியில் விற்பனை முடிந்தது. அம்மாதமே ஏறத்தாழ 5,000 பேரின் வேலை போகும் என அறிவிக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் அஞ்சியது மட்டும் நடக்கவில்லை. பழைய மென்பொருளுக்குப் பல ஆண்டுகள் துணை நிற்பதாக ஆரக்கிள் வாக்களித்து, அதைக் காத்தும் வந்தது.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறச் சொன்னால் என்ன ஆகும்?

சதுர அடியும் சதுர டெசிமீட்டரும்

பதனிட்ட தோலை நம் ஊரில் சதுர அடியில் அளக்கிறார்கள். ஐரோப்பாவில் சதுர டெசிமீட்டரும் சதுர மீட்டரும் வழக்கில் உள்ளன. ஓர் அடி என்பது 3.048 டெசிமீட்டர். ஆகவே ஒரு சதுர அடி 3.048 × 3.048, அதாவது ஏறத்தாழ 9.29 சதுர டெசிமீட்டர்.

பழைய மென்பொருளில் '4,500' என்று மட்டும் பதிந்திருக்கிறது. அது சதுர அடி. புதியது அதைச் சதுர டெசிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், கையிருப்பு ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்! உண்மையில் பதிய வேண்டியது ஏறத்தாழ 41,800. தேதியிலும் இதே ஆபத்து உண்டு. '05/06' என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. எண் சரியாகவே இருக்கும், பொருள் மாறிவிடும். எனவே மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பத்திக்கும் என்ன அலகு, என்ன பொருள் என்று பட்டியல் போட்டாக வேண்டும்.

லாட் எண் தொலைந்தால்

இதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. பெரும்பாலான தோல்கள் இணைதிறன் 3 உடைய குரோமிய உப்புகளால் பதனிடப்படுகின்றன. சில சூழ்நிலைகளில் இதில் ஒரு சிறு பகுதி ஆக்சிகரணமடைந்து, தீங்கு விளைவிக்கும் இணைதிறன் 6 நிலைக்கு மாறலாம். உலர்ந்த தோலில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இது இருந்தால், தோலில் படும்படி அணியும் பொருள்களை விற்கக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் உள்ளது.

சோதனையில் ஒரு ஷூ தவறிவிட்டால், அதன் தோல் எந்த லாட், எந்த டிரம், எந்த நாள் என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்த லாட்டை மட்டும் விலக்கிவிட்டால் மற்றவை தப்பும். மாற்றத்தின்போது லாட் எண்கள் விடுபட்டிருந்தால் நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒன்றாகிவிடும். அந்த இழப்பு முதலாளியோடு நிற்காது. அடுத்த ஆர்டர் வராமல் போனால் தையல் பிரிவில் உள்ளவர்களின் வேலையையும் பாதிக்கும்.

என்ன செய்யலாம்?

மென்பொருள் வாங்கும் நாளிலேயே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கள் விவரங்களை வேறு மென்பொருள் படிக்கக்கூடிய எளிய வடிவில் எப்போது கேட்டாலும் தருவீர்களா? நிறுவனம் கைமாறினால் எத்தனை ஆண்டுகள் துணை நிற்பீர்கள்? அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? அதன் பின்னரும் மாதந்தோறும் ஒரு பிரதி எடுத்து, அலகுகளின் பட்டியலுடன் தன்னிடம் வைத்துக்கொள்வதே தொழிற்சாலைக்கு நல்லது. மாறும் காலத்தில் பழையதையும் புதியதையும் சில வாரங்கள் சேர்த்தே ஓட்டி, இரண்டின் விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உங்களில் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதுவீர்கள். சிலர் தொழிற்சாலையில் அதைப் பயன்படுத்துவீர்கள். எழுதிய நிறுவனம் எத்தனை முறை கைமாறினாலும் கணக்கு, அதை உழைத்துச் சேர்த்தவருடையது. விடைத்தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதச் சொல்லி உங்கள் ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது இப்போது புரிகிறதல்லவா?