கடையில் விபத்து நடந்தால் நட்டஈடு யார் தலையில்?

கொழும்பு கிராண்ட்பாஸில் 2018 பெப்ரவரி 14ஆம் திகதி களஞ்சியக் கட்டடமொன்று இடிந்து விழுந்து ஏழு பேர் மரணமானார்கள். அந்தச் செய்தியைப் படித்த நம்மில் பலர் கவலைப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். நமது கிட்டங்கியில் இப்படி நடந்தால் என்னவாகும் என்று யோசித்தவர்கள் குறைவு. கொழும்பானாலும் யாழ்ப்பாணமானாலும் இதற்குச் சட்டம் ஒன்றுதான். தேசவழமைக்கு இந்த விடயத்தில் இடமில்லை.

முதலில் நமது வேலையாட்களின் விடயம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் ஏற்படும் விபத்துக்கு முதலாளியே நட்டஈடு கொடுக்க வேண்டும். "என்னில் பிழையில்லை" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பிழை யாருடையது என்று பார்க்காமலே, காயத்தின் அளவையும் சம்பளத்தையும் வைத்துத் தொகை கணக்கிடப்படும். அதன் உச்ச எல்லை ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 20 இலட்சமாக்கியது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அந்தத் திருத்தத்தால் உள்ளே வந்துவிட்டது. சாவகச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பொடியன் உங்கள் கடையில் வேலை செய்பவனென்றால், அவனுடைய பாதையும் இனி உங்கள் கணக்கில்தான்.

"அவன் நாள் கூலிதானே" என்பார்கள். சீமெந்தும் பழைய இரும்பும் ஏற்றி இறக்குவது உங்கள் வியாபாரத்துக்கான வேலை. ஆகவே நாள் கூலி என்று சொல்லித் தப்ப முடியாது. "விபத்து நடந்தால் கடை பொறுப்பல்ல" என்று கையொப்பம் வாங்கி வைத்திருக்கும் கடதாசியும் செல்லாது. ஈபிஎஃப், ஈரிஎஃப் கட்டுகிறோம் என்பதும் இதற்குப் பதிலாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, லொறியிலிருந்து விழுந்து மௌத்தான வேலையாளின் மச்சானிடம் மூன்று இலட்சத்தைக் கையில் கொடுத்து, கடமை முடிந்ததென்று இருந்தார். விதவைக்கு அதில் பாதிகூடப் போகவில்லை. மரணமென்றால் நட்டஈட்டுப் பணத்தை ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவர்தான் பங்கிடுவார் என்பது நமது ஆளுக்குத் தெரியாது. கையில் கொடுத்தது நல்ல மனதோடுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் கடன் அப்படியே நின்றது. இரண்டாம் முறையும் கட்ட வேண்டி வந்தது.

வாடிக்கையாளர் காயப்பட்டால் கதை வேறு. அதற்கு உரோமன் டச்சுச் சட்டம். கடைக்காரரின் கவனயீனத்தை அவர் நிரூபிக்க வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். எண்ணெய் சிந்திய தரையைத் துடைக்காமல் விட்டது, அடுக்கிய கம்பி சரியும் என்று தெரிந்தும் கட்டாமல் வைத்தது எல்லாம் கவனயீனமே. அவரிலும் பிழையிருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அந்த அளவுக்குத் தொகை குறையும். உங்கள் சாரதி கடை வேலையில் போகும்போது ஒருவரை மோதினாலும் பொறுப்பு உங்களையும் சேரும்.

வேலையாளர் நட்டஈட்டுக்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறது. வட்டிக்குப் பயந்து விலகி நிற்பவர்களுக்குத் தகாஃபுலும் உண்டு. எதை எடுத்தாலும் நாள் கூலிக்காரரின் பெயரும் சம்பளமும் பதிவில் இருக்கட்டும். பெயரில்லாத ஆளுக்காகப் பணம் கேட்டுப் போனால் கம்பனி முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.