வன்தட்டில் பிரிந்த பாகங்களை ஒன்றாக்குதல்

கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் பலருக்கும் ஒரு நாள் நேரிடும் சங்கடம் ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க் எனப் பொதுவாக வழங்கும் வன்தட்டு, இயந்திரத்தை வாங்கும்போதே சி என்றும் டி என்றும் இரு பாகங்களாக வகுக்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகள் சென்றதும் சி நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டும். புதிய திருத்தங்களை ஏற்க இடம் போதவில்லை என்று விண்டோஸ் முறையிடும். அடுத்த பாகமாகிய டி-யிலோ பாதிக்கு மேல் வெற்றிடமாகக் கிடக்கும். இரண்டையும் ஒன்றாக்க விரும்பினால், அனைத்தையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியே தீரவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்யவேண்டுவதில்லை. இயங்குதளம் உள்ளவாறே இருக்க, பாகங்களை இணைத்துவிடலாம். எனினும் இவ்வேலையில் ஓர் ஆபத்து உண்டு. அது இயங்குதளத்தைப் பற்றியதைவிட, டி-யில் உறங்கும் குழந்தைகளின் புகைப்படங்களையும் கடைக் கணக்குகளையும் பற்றியதே ஆகும். ஏன் அப்படி என்பதை அறிய, பாகம் என்பது யாது என்று முதலில் பார்ப்போம்.

வன்தட்டு என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு கட்டங்களின் பெருந்தொகுதி. பழைய வழக்கப்படி ஒரு கட்டம் 512 பைட்டுகள் கொள்ளும். பாகங்களுக்கு இடையே சுவர் ஏதும் கிடையாது. நிலக் கணக்கில், இன்ன எல்லை முதல் இவ்வளவு பரப்பு இன்னாருக்கு உரியது என்று எழுதி வைத்திருப்பதுபோல, தட்டின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது; அவ்வளவே. 1983-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அக்காலத்தில் வகுத்த முறைப்படி இப்பட்டியலில் நான்கு வரிகளே உண்டு. வரி ஒன்றுக்கு 16 பைட்டுகள். ஆக 64 பைட்டுகள். தட்டில் எத்தனை பாகங்கள், எது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் இந்த 64 பைட்டுகளில் அடங்கிவிட்டது என்பது வியப்புக்குரியதே. அம்முறை 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளை அளக்க வல்லதன்று. ஆதலால் இன்றைய இயந்திரங்களில் ஜி.பி.டி. என்னும் புதிய பட்டியல் வழங்குகிறது. இதில் வழக்கமாக 128 வரிகளுக்கு இடம் உண்டு. மேலும், பட்டியலின் நகல் ஒன்று தட்டின் கடைசியிலும் பாதுகாக்கப்படுகிறது.

பாகம் பிரிக்கும் பழக்கத்திற்கு ஒரு காலத்தில் தக்க காரணம் இருந்தது. டாஸ் இயங்குதளத்தின் முற்காலப் பதிப்புகள் ஒரு பாகத்தில் 32 மெகாபைட்டுக்கு மேல் ஆள இயலாமல் இருந்தன. பின்னர் அவ்வெல்லை 2 கிகாபைட் ஆயிற்று. பெரிய தட்டை வாங்கியவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைத் துண்டாடியே ஆகவேண்டும். 1996-இல் ஃபேட் 32 என்னும் முறை வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. பழக்கம் மட்டும் நீங்கவில்லை. சி பழுதானாலும் டி-யில் உள்ளவை பிழைக்கும் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்வதுண்டு. இயங்குதளம் மட்டும் பழுதானால் அது மெய்யே. தட்டே பழுதானால் இரண்டும் ஒருங்கே போய்விடும். டி-யில் வைத்திருப்பதைப் பிரதி எடுத்து வைத்திருப்பதாக நினைத்து நிம்மதியாக உறங்குவோர் இதை நினைவிற் கொள்வது நலம்.

இனி இணைப்பின் தன்மையை நோக்குவோம். பட்டியல் தவிர, ஒவ்வொரு பாகத்தினுள்ளும் தனியே ஓர் உட்கணக்கு உண்டு. எந்தக் கோப்பு எந்த எந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதை அக்கணக்கே சொல்லும். விண்டோஸில் பெரும்பாலும் வழங்கும் என்.டி.எஃப்.எஸ். என்பது அத்தகைய உட்கணக்கு முறையே. சி-யைப் பெரிதாக்குவது எளிது: பட்டியலில் அதன் பரப்பைக் கூட்டி எழுதி, உட்கணக்கிலும் புதிய கட்டங்களைச் சேர்த்தால் போதும். எந்தக் கோப்பும் இடம் பெயர்வதில்லை. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் டி-யின் உட்கணக்கை சி-யின் உட்கணக்கோடு அப்படியே கலந்துவிட இயலாது. இரண்டும் தத்தம் கட்டங்களைச் சுழியம் முதல் தனித்தனியே எண்ணுகின்றன. ஆகவே இணைப்பு என்று நாம் சொல்வது, உண்மையில் டி-யைக் காலி செய்து, அதன் வரியைப் பட்டியலிலிருந்து நீக்கி, அந்த இடத்தை சி-க்கு அளிப்பதுதான். ஒரே சொடுக்கில் இணைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் டி-யின் கோப்புகளை முதலில் சி-யில் ஓர் உறைக்குள் நகர்த்திவிட்டே இதைச் செய்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். 500 கிகாபைட் எனக் குறித்து விற்ற தட்டை விண்டோஸ் 465 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறானதால் வந்த வேற்றுமையே தவிர, யாரும் இதில் ஏமாற்றவில்லை. அதில் சி-க்கு 100, டி-க்கு 365 என்றும், டி-யில் 120 கிகாபைட் அளவுக்குக் கோப்புகள் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் அக்கோப்புகளை வெளித்தட்டு ஒன்றிற்குப் படியெடுக்க வேண்டும். நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். பின்பு, படியெடுத்தவற்றுள் சிலவற்றை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல் வேண்டும். முழு வேலையிலும் இன்றியமையாத படி இதுவே. பலர் தவிர்த்துவிடும் படியும் இதுவே. அதன்பின் விண்டோஸிலுள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறந்து, டி-யை நீக்கி, சி-யின் மீது வலச்சொடுக்கி, எக்ஸ்டெண்ட் வால்யூம் என்னும் கட்டளையைத் தரவேண்டும். 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா முதல் இவ்வசதி விண்டோஸிலேயே அமைந்திருக்கிறது.

சிலருக்கு அக்கட்டளை மங்கலாகத் தோன்றும்; சொடுக்கினாலும் இயங்காது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. சி-க்கு வலப்புறம் ஒட்டினாற்போல் வெற்றிடம் இருந்தால்தான் இக்கருவி அதை ஏற்கும். அண்மைக்கால விண்டோஸ், சி-யை அடுத்து மீட்புப் பாகம் ஒன்றைச் சிறிதாக அமைத்துக்கொள்வது வழக்கம். அது இரு வயல்களுக்கு இடையே கிடக்கும் வரப்புப் போல வழிமறிக்கும். லினக்ஸ் உலகில் வழங்கும் ஜிபார்ட்டெட் என்னும் இலவசக் கருவியை யு.எஸ்.பி. துண்டிலிருந்து இயக்கி, அதனைத் தட்டின் கடைசிக்கு நகர்த்திவிடலாம். அளவிற் சிறியதாதலால் விரைவில் முடியும். ஆயினும் கணிப்பொறி நிறுவனமே தன் ஆலை நிலைப் பிரதியை வைத்திருக்கும் பெரிய மீட்புப் பாகத்தை இன்னதென்று அறியாமல் அழித்துவிடலாகாது. பழைய பட்டியல் முறையிலுள்ள தட்டுகளில், டி என்பது நீட்டிப்புப் பாகம் ஒன்றினுள் அடங்கியிருப்பதும் உண்டு. அப்போது உள்ளிருப்பதோடு அந்த உறையையும் நீக்கவேண்டும். தட்டை டைனமிக் வகையாக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று மறுப்பதே நலம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், வேலை தொடங்குமுன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெற்றிடம் இடப்புறத்தில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது பாகம் முழுவதையும் கட்டம் கட்டமாக இடப்புறம் நகர்த்தியாக வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். இடையில் மின்சாரம் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடந்து, எது எதுவென்று சொல்ல ஆளிராது. மடிக்கணினியானால் மின்னேற்றியோடு இணைத்து வைப்பதும், மேசைக் கணிப்பொறியானால் யு.பி.எஸ். வைத்திருப்பதும் ஆடம்பரமல்ல.

டி-யைத் தவறுதலாக நீக்கிவிட்டால் யாது செய்வது? சுழலும் தட்டில் அழிந்தது பட்டியலின் வரி மட்டுமே. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டால், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவி அந்த வரியைத் தேடிக் கண்டு மீண்டும் எழுதித் தரக்கூடும். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டில் இந்த நம்பிக்கை மிகக் குறைவு. வெறுமையான இடத்தைத் துடைத்து வைக்கும்படி இயங்குதளம் அதற்கு ஆணையிடுவதுண்டு. துடைத்தபின் மீட்பதற்கு ஒன்றும் இராது.

இத்தனை பாடும் சிலருக்குத் தேவையே இல்லை. சி-யை நிரப்பியது பதிவிறக்கங்களும் படங்களுமே என்றால், அவ்வுறைகளின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றிவிட்டால் போதும். அன்றி, டி முழுவதையுமே சி-யினுள் ஓர் உறையாகத் தோன்றும்படி இணைத்துக்கொள்ளவும் விண்டோஸில் வழி உண்டு. அவ்வழியில் பட்டியலில் ஒரு வரியும் மாறுவதில்லை.

இணைத்தே முடித்தவர், டி-யில் நிறுவியிருந்த மென்பொருள்கள் சில இனி இயங்கா என்பதை எதிர்பார்க்கலாம். அவற்றை மட்டும் மறுபடி நிறுவிக்கொள்ள வேண்டும். வெளித்தட்டில் எடுத்த பிரதியை, கோப்புகள் யாவும் புதிய இடத்தில் திறக்கின்றன என்று கண்டபின்னும் ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்கலாம்.