உங்களுக்குத் தெரியுமா? புளூடூத் சாவியின் நீளம்

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் எடைத் தராசையும் பில் போடும் பி.ஓ.எஸ். கருவியையும் புளூடூத்தில் இணைத்து வருகிறார்கள். கம்பத்திலோ போடியிலோ அரிசி தட்டில் ஏறியதும் எடை நேரே கருவிக்குப் போகும். சரியான எடை இருந்தால்தான் பில். அட்டைதாரர்களுக்கு நல்ல ஏற்பாடு.

ஆனால் புளூடூத்துக்கென்று ஒரு பலவீனம் உண்டு. இணையும் இரு கருவிகள் தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியின் நீளத்தைத் தாங்களே பேசி முடிவுசெய்கின்றன. அது 1 முதல் 16 பைட் வரை இருக்கலாம் என்றது பழைய விதி. அந்தப் பேச்சுக்கோ பாதுகாப்பே இல்லை! அருகிலிருக்கும் ஒருவர் குறுக்கிட்டு அதை 1 பைட்டாக்கிவிட்டால், 256 சாவிகளைச் சோதித்தாலே பூட்டு திறந்துவிடும். 2019 ஆகஸ்டில் சிங்கப்பூர், ஜெர்மனி, பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தினார்கள். ‘நாப்’ தாக்குதல் என்று பெயர். அதன்பின் குறைந்தது 7 பைட் வேண்டும் என்று பரிந்துரை வந்தது.

4 இலக்க பின் கேட்கும் பழைய கருவிகள் இன்னும் மோசம். முதல் இணைப்பை ஒட்டுக்கேட்டால் போதும், பின் எண்ணை ஒரு விநாடிக்குள் கண்டுபிடிக்கலாம் என்று 2005-லேயே இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

உங்கள் கடை பிரிண்டரையும் இயர்போனையும் சந்தைக் கூட்டத்தில் வைத்து முதன்முறை இணைக்காதீர்கள். போனில் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.