உங்களுக்குத் தெரியுமா? புயல் அரித்த மணல் எங்கே போகிறது?

புயலில் கரை அரித்துப்போனால் மணல் தொலைந்தது என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அது பக்கத்திலேயே, அலை உடையும் இடத்தில், நீருக்கடியில் திட்டாகக் கிடக்கிறது. அடுத்து வரும் பேரலைகள் அந்தத் திட்டில் மோதி, கரைக்கு எட்டுமுன்பே உடைந்து வலுவிழக்கின்றன. கடற்கரை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் விதம் இது! கடல் தணிந்ததும் நீண்ட, தாழ்ந்த அலைகள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளும். அரிக்க ஓரிரு நாள் போதும். மீள மாதங்கள், சில சமயம் ஆண்டுகளே பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நாரபீன்–கொலராய் கடற்கரையை 1976 முதல் மாதந்தோறும் அளந்து வருகிறார்கள் (பொறுமைக்காரர்கள்தான்!). 2016 ஜூன் புயலில் அங்கே சில இடங்களில் சுமார் 50 மீட்டர் வரை கரை காணாமல் போனது. ஒரு வீட்டின் நீச்சல் குளமே பெயர்ந்து மணலில் விழுந்தது. பிறகு மணல் படிப்படியாகத் திரும்பியது.

திரும்பாத இடங்களும் உண்டு. வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் மறித்ததால், தெற்கே மெரினா அகன்றது, வடசென்னைக் கரை தேய்ந்தது. அங்கே கொட்டிய பாறாங்கற்கள் அலையைத் தடுக்கும், மணலைக் கொண்டுவராது.