பூவைத் தெரியும், கிழங்கைத் தெரியாது

வேலியில் கள்ளிக்கும் கிளுவைக்கும் நடுவே ஒரு கொடி ஏறிக்கொண்டிருக்கும். அதற்கெனத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, பக்கத்துக் குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஆறு இதழ்கள் நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்து, பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, கடைசியில் நெருப்புச் சிவப்பில் நிற்கும். அதுதான் செங்காந்தள்.

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். பள்ளிப் பிள்ளைகள்கூடப் படத்தைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தில் கிழங்கு இருப்பதில்லை.

காய் வெடித்து விதை சிந்தியதும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துபோகும். கோடையில் தரைக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் தோட்டத்தைக் கொத்துபவர் கையில் கிடைப்பது, பழுப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கு. முழுசாக வந்தால் கலப்பை போல இரு கிளையாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். மண்வெட்டி பட்டு ஒரு கிளை மட்டும் வந்தால்? சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக்கிழங்கு என்றோ நினைக்கத் தோன்றும். இலங்கையில் இப்படி, அங்கே நியங்களா எனப்படும் இதே கிழங்கைத் தவறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

விஷம் செடி முழுவதிலும் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த விஷத்தின் பெயர் கோல்சிசின். அதே பொருளிலிருந்துதான் கீல்வாத மாத்திரை தயாராகிறது. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு விதை எடுக்கிறார்கள். அளவு மீறினால் அதுவே உடலில் செல்கள் பிரிவதை நிறுத்திவிடும். வேகவைத்தாலும் விஷம் போகாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் பேதி வரும். பிறகு சற்றுத் தணிந்தது போலத் தெரியலாம். ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிட்டது’ என்று வீட்டுக்குக் கூட்டிவருவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் எலும்பு மஜ்ஜை அடிபட்டு இரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகமும் இதயமும் தள்ளாடும். பிழைத்தவர்களுக்குச் சில வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிர்வதும் உண்டு. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை. நேரத்தோடு தொடங்கும் சிகிச்சையும் பல நாள் கண்காணிப்பும்தான் கைகொடுக்கும்.

ஆகவே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, மிச்சமிருக்கும் கிழங்கையோ இலையையோ ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவருக்கு அந்தத் துண்டு பாதி விடை. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

விஷம் என்றதும் ‘போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று வாசலிலேயே திருப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கேட்டுத் திரும்ப வேண்டியதில்லை. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்ட நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராமல் விடுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று 1996-இல் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்கச் செய்தது.

நாட்டு மருந்தாக வாங்குபவருக்கும் ஓர் உரிமை உண்டு. லாங்கலி என்ற ஆயுர்வேதப் பெயரில் இந்தக் கிழங்கு, மருந்து விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. இது சேர்ந்த மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். பொட்டலத்தில் மடித்துத் தரும் பொடியில் லேபிளுக்கு எங்கே போவது?

இதற்காக வேலியில் இருக்கும் கொடியைப் பிடுங்கி எறிய வேண்டுமென்பதில்லை. ஆடுமாடும் குழந்தைகளும் எட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். கொத்தும்போது கையுறை போடலாம். பூ இருக்கும்போதே அடியில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவைத்துவிட்டால், சித்திரையில் மண்வெட்டியோடு வருபவருக்கு அந்த இடம் தெரியும்.