தமிழ் தெரியாத தமிழ் வாத்தியார்

பிள்ளையை முதன்முதலாக ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும் தாயாரைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டி, படுக்கை, முறுக்கு டின் எல்லாவற்றையும் வைத்தாகிவிட்டது. வாசல் வரை வந்தவள் மறுபடியும் உள்ளே ஓடி, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சார்!" என்கிறாள். "நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் அம்மா" என்கிறார் வாத்தியார். தாயாருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் பையனுக்கு? அவ்வளவு சுலபத்தில் வருமா?

பகல் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிள்ளைகள் சில மணி நேரந்தான் பார்க்கிறார்கள். கூடவே தங்குகிறவரையோ காலை முதல் இரவு வரை பார்க்கிறார்கள். அவர் என்ன சாப்பிடுகிறார், யார் மேல் எரிந்து விழுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அங்கே வேஷம் பலிக்காது!

அப்படியானால் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி? இந்தக் கேள்வியோடு திண்டாடிய ஒரு வாத்தியாரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அவர் தமிழ் வாத்தியார். ஆனால் அவருக்குத் தமிழ் சரியாக வராது!

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1910-ஆம் வருஷம். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்காரின் அநியாயச் சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் சிறை சென்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மனைவி மக்களை யார் காப்பாற்றுவது? காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைலில் இருந்த தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, ஹிந்துஸ்தானி பேசும் குடும்பங்கள் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமே? தமிழும் உருதுவும் காந்திஜியின் தலையில் விழுந்தன.

கப்பல் பிரயாணத்திலும் சிறையிலும் போப் துரையின் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்ற தமிழ் அவருடையது. பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தே தெரியாது. அதை அவர் கற்றுக் கொடுத்தார். பேச்சில் மட்டும் அவர்கள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள்! இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால், மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். வாத்தியாருக்கு வெட்கமாக இருந்திருக்குமே என்கிறீர்களா? இல்லை. தெரியாததை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. அதனால் அவர்களுடைய அன்பையும் மரியாதையையும் இழக்கவும் இல்லை.

பண்ணையில் வேலைக்காரர்கள் கிடையாது. சமையல், குழி வெட்டுதல், கழிப்பிடம் சுத்தம் செய்தல் எல்லாம் அவரவர் வேலையே. அங்கே ஒரு விதி உண்டு: வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக்கூடாது. காலையெல்லாம் இப்படிப் பாடுபட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு நடந்தால் என்ன ஆகும்? பிள்ளைகளும் தூங்கி விழுவார்கள். வாத்தியாரும் தூங்கி விழுவார்! கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வார்கள்.

பிள்ளைகளில் முரடர்களும் உண்டு. "இவர்களோடு உங்கள் பிள்ளைகளையும் பழக விடுகிறீர்களே, கெட்டுப் போக மாட்டார்களா?" என்று காலன்பாக் கவலைப்பட்டார். தம் பிள்ளை வேறு, பிறர் பிள்ளை வேறு என்று பிரிக்க காந்திஜி சம்மதிக்கவில்லை. பெற்றோர்கள் தம்மை நம்பியல்லவா அனுப்பியிருக்கிறார்கள்?

ஆனால் அவருக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன். பொய், சண்டை, அடங்காத்தனம். அன்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. அவரையே ஏமாற்றப் பார்த்தான். பக்கத்தில் ஒரு ரூல்தடி கிடந்தது. எடுத்து அவன் கையில் ஓர் அடி போட்டுவிட்டார்! அடிக்கும்போதே அவர் உடம்பு நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியினால் அல்ல, திருப்பி அடிக்கக்கூடிய பலம் அவனுக்கு உண்டு. அவர் பட்ட வேதனை அவனுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவன் அவர் சொல்லைத் தட்டவில்லை.

"பார்த்தீர்களா, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்!" என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். காந்திஜி அப்படிச் சொல்லவில்லை. பல வருஷங்கள் கழித்து, 'சத்திய சோதனை'யில், அன்று அந்தப் பையனுக்குத் தமக்குள் இருந்த மிருகத்தையே காட்டிவிட்டதாக எழுதி வருந்தினார். பையனைத் திருத்தியது ரூல்தடியா, அதைப் பிடித்த கையின் நடுக்கமா? நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டில் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிடலாம். ஆனால் அது இருந்த இடத்தில் நம்பிக்கையை வைக்க வேண்டியவர் வாத்தியார்தான்.

ஹாஸ்டலில் விட்டுவந்த உங்கள் பிள்ளை முதல் விடுமுறைக்கு வரும்போது, "வாத்தியார் எப்படியடா?" என்று கேளுங்கள். "நன்றாகப் பாடம் சொல்லித் தருகிறார்" என்றால் சந்தோஷம். "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறார், அம்மா. அவர் பேரில் தப்பு இருந்தால் எங்களிடமே ஒப்புக்கொள்கிறார்" என்றானோ, அன்று இரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.