வில்லங்கச் சான்றில் வராத அக்கா

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் சாலையில் புதூரைத் தாண்டிப் போனால் கள்ளிக்குப்பம். அங்கே ஒரு டீக்கடை வாசலில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான் அந்தத் தரகரின் அலுவலகம். ஃபைல் கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. சட்டைப் பையில் இரண்டு போன், நாலாக மடித்த ஒரு மனை வரைபடம், மூக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்தப் பக்கத்து வீடுகளையும் மனைகளையும் கைமாற்றிவிடுகிறவர். “பேரு மட்டும் போட்றாதீங்க தம்பி. எங்க அக்காங்க ரெண்டு பேரும் உங்க புக்க வாரா வாரம் படிக்கிறவங்க” என்றார். அக்காக்கள் படித்தால் என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வீடு வாங்க, விற்க உள்ளூர்த் தரகர் சொல்லும் யோசனைகள். இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. “வாங்க வர்றவங்க முதல்ல எதைப் பாக்கணும்ணே?” என்று ஆரம்பித்தேன். பட்டா, மூலப்பத்திரம், இ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று என்று வரிசையாக வரும், எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

“வீட்டுக்காரருக்கு எத்தனை பொண்ணுன்னு பாக்கணும்” என்றார்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் பேசியதில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஷிஃப்ட்டுக்கு சைக்கிளில் போய்வரும் தூரத்தில் மனை தேடினார்கள். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு. முதலில் ஓலை, பிறகு ஆஸ்பெஸ்டாஸ், பி.எஃப். பணம் வந்ததும் மெத்தை வீடு. அப்படிக் கட்டியவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் உயில் எழுதவில்லை. பத்திரம் அப்பா பெயரில், வீட்டு வரி அப்பா பெயரில், கரண்ட் பில்லும் அப்பா பெயரில். பிள்ளைகள் ஆவடியிலோ திருமுல்லைவாயலிலோ ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். “வீட்டை வித்து ரெண்டாப் பிரிச்சிக்கலாம்” என்று அண்ணன் தம்பி முடிவு செய்து, தரகரிடம் வருகிறார்கள்.

ரெண்டாக. அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது என்கிறார் இவர். அரக்கோணத்திலோ திருத்தணியிலோ வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா அந்தக் கணக்கிலேயே இல்லை.

“இ.சி. போட்டுப் பாருங்க, சுத்தமா இருக்கும். அப்பா வாங்கின ஒரு பத்திரம், அவ்ளோதான். ஆனா வில்லங்கம் அரக்கோணத்துல உக்காந்து அரிசி களைஞ்சிக்கிட்டு இருக்கும்” என்றார்.

அவர் சொல்வது சரி. பதிவான ஆவணங்கள்தான் வில்லங்கச் சான்றில் வரும். மரணம் பதிவாவது வேறு அலுவலகத்தில். யார் இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை இ.சி. சொல்லாது. 1975 முதல் இன்றுவரை தேடிப்பார்த்து “ஒரு என்ட்ரிதான், கிளீன்” என்று அட்வான்ஸ் கொடுப்பவர் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

சட்டம் பற்றி நம் தெருக்களில் உலவும் பெரிய தப்பெண்ணம் ஒன்று உண்டு: பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்பது ‘இப்போ வந்த சட்டம்’ என்பது. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு எல்லாம் முக்கியமாகப் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. எஸ்டேட்டில் உழைத்து அப்பா தன் சம்பளத்தில் வாங்கிய வீடு அந்தக் கணக்கில் வராது. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் உயிரோடிருந்தால் அவரும், ஆளுக்குச் சம பங்கு. இப்படிச் சொல்வது 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம். கல்யாணம் ஆன மகள், ஆகாத மகள் என்ற பேதம் பங்குக் கணக்கில் அன்றைக்கே இல்லை. அதாவது இந்தப் பகுதியில் முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே அக்காவின் பங்கு எழுதப்பட்டாகிவிட்டது. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. ஆனால் அங்கேயும் மகள் உண்டு.)

“அதான் இருபது பவுன் போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சேன்னு தம்பிங்க சொல்வாங்க” என்றார் தரகர். “சில பேரு ஒரு பேப்பரே காட்டுவாங்க. கல்யாணத்தப்போ, ‘எனக்கு அப்பா சொத்துல பங்கு வேணாம்’னு அந்தப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கினது. அதை வெச்சு வடை மடிச்சிக்கலாம்.”

வடை மடிக்கத்தான் ஆகும். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு உரிமை பிறக்கவே இல்லை. பிறக்காத உரிமையை, நாளை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பை, எழுதிக் கொடுக்க முடியாது என்கிறது 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம். நகையும் சீரும் எவ்வளவு போட்டிருந்தாலும் அது கல்யாணச் செலவு. பாகப் பத்திரம் ஆகாது.

இதைவிட நுணுக்கமான பள்ளம் ஒன்றையும் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டதற்காகவே அந்த டீக்கு நான் காசு கொடுத்தேன். அப்பா இறந்த பின் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். ஆளுக்குக் கால் பங்கு. மகள் முறையாகப் பதிவு அலுவலகம் வந்து, தன் கால் பங்கைத் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். எல்லோரும் நிம்மதி. ஐந்து வருஷம் கழித்து அம்மா, அவரும் உயில் இல்லாமல், இறக்கிறார். அம்மாவின் கால் பங்கு யாருக்கு? மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. விடுதலை எழுதிக் கொடுத்த அக்கா பன்னிரண்டில் ஒரு பங்கோடு மறுபடி உள்ளே வருகிறார். “அதான் ரிலீஸ் டீடு இருக்கே” என்று காட்டி விற்றுவிடுவார்கள். வாங்கியவர் கிரகப்பிரவேசம் முடித்துப் பால் காய்ச்சிய பிறகு நோட்டீஸ் வரும்.

வரட்டுமே, பன்னிரண்டில் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பங்குதாரர் கையெழுத்துப் போடாமல் விற்றால், விற்றவர்களின் பங்குதான் கைமாறும். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கை வாங்கிய வெளியாள், குடும்பத்தாரோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையைக்கூடக் கேட்க முடியாது, பாகப்பிரிவினைக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும் என்பது அதே 1882 சட்டத்தின் 44-வது பிரிவு. முழு விலை கொடுத்தவர் கையில் மிஞ்சுவது வழக்கு எண்.

தரகர் என்னை எழுப்பித் தெருவுக்குள் கூட்டிப்போனார். சாம்பல் நிறப் பெயின்ட், முன்னால் முருங்கை, கேட்டில் ‘இவ்வீடு விற்பனைக்கு’ என்ற தகரம். எழுத்து வெளுத்துவிட்டது. போன் நம்பரில் கடைசி இரண்டு எண் தெரியவில்லை. மூன்று வருஷமாகத் தொங்குகிறதாம். பார்ட்டி வந்தது, விலை படிந்தது, அட்வான்ஸ் கைமாறியது. வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போனார். வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். சான்றிதழில் மூன்றாவது பெயர் அக்கா.

“பணம் கேட்டாங்களா?” என்றேன்.

“அதான் இல்ல. நானே போய்ப் பாத்தேன். ஒரு ரூபா வேணாம்னுச்சு அந்தம்மா. ‘பக்கத்து வீட்டம்மா போன் பண்ணி, உங்க வீட்ல போர்டு மாட்டிட்டாங்கடின்னு சொல்லித்தான் எனக்கே தெரியும்ணே. நான் பொறந்த வீட்டை விக்கிறதை எனக்கு யாரும் சொல்லல’ன்னு அழுவுது. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்னிடுச்சு.”

அட்வான்ஸ் திரும்பிப் போனது. வங்கிக் கடனில் வாங்குபவர்கள் ஒதுங்கிவிட்டால், பிறகு வருவது ரொக்கப் பார்ட்டிதான். “பிரச்சினை இருக்கா, பரவால்ல, நாங்க பாத்துக்கறோம்” என்பான். விலையை மட்டும் சரிபாதிக்கு இறக்குவான். அக்காவுக்குத் தர மனமில்லாத கால் பங்கைவிட அதிகமாக அந்த ரொக்கப் பார்ட்டிக்குத் தூக்கிக் கொடுத்த தம்பிகளைத் தனக்குத் தெரியும் என்கிறார் தரகர். இதில் எனக்கு எரிச்சலாக இருப்பது ஒன்றுதான். ஆளுக்கொரு வக்கீலைப் பார்க்க அலைந்த நேரத்தில், அரக்கோணத்துக்கு ஒரு லோக்கல் ரயில் ஏறிப் போய்வந்திருக்கலாம்.

செலவும் பெரிதில்லை. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையில் திருத்தப்பட்டபடி உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. அதைக்கூட மிச்சம் பிடிக்கலாம். கிரயப் பத்திரத்திலேயே அக்காவும் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டு, தன் பங்குப் பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் நேராக வாங்கிக்கொண்டால் தனி விடுதலைப் பத்திரமே வேண்டாம். வாங்குபவர்கள் இப்படித்தான் வற்புறுத்த வேண்டும் என்பது தரகரின் யோசனை. ‘எல்லாப் பணத்தையும் அண்ணன் கணக்கில் போடுங்கள், அவர் பிரித்துக் கொடுப்பார்’ என்றால் எழுந்து வந்துவிடச் சொல்கிறார்.

இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள் பதினெட்டு வயது ஆகாதவர்களாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர்கள் பங்கை அவர்களுடைய அம்மாகூட விற்க முடியாது. விற்றால், பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருஷத்துக்குள் வந்து அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அக்கா வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் வரவழைக்கலாம். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடம் அந்தப் பவரும் செத்துப்போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன். “தரகர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துகிறார். ஒழுங்கான வக்கீல் கருத்து வாங்கினால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும்” என்றார். தெரிந்துவிடும்தான். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடும் ஊர் இது.

மற்ற யோசனைகளையும் கேட்கத்தான் செய்தேன், வந்த கடமைக்கு. கள்ளிக்குப்பத்துக்குக் கொரட்டூர் ஏரி ஒரு பக்கம், புழல் ஏரி ஒரு பக்கம். அதனால் சித்திரை வெயிலில் வீடு பார்க்காதே, ஐப்பசி கார்த்திகையில் வந்து தெருவில் நின்று பார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று எதிர்வீட்டுப் பாட்டியைக் கேள். காலி மனை என்றால் அங்கீகாரம் பார், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற வார்த்தையைக் கேட்டால் கிளம்பு. அங்கீகாரமில்லாத மனை 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரமாகியிருந்தால் வரன்முறைத் திட்டத்தில் சேர்ந்திருக்கலாம், அதற்கான உத்தரவைக் கண்ணால் பார். பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம், நடுவில் திருவள்ளூர், 2018-க்குப் பிறகு சென்னை என்று ஒரே மனைக்கு மூன்று மாவட்டம் இருக்கும், மிரளாதே. தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைத் தனியே எடுத்து வை. 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது வாங்குபவர் வேலை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “மெட்ரோ வருதுன்னு எவனாவது சொன்னா, வந்தப்புறம் வாங்கிக்கறேன்னு சொல்லுங்க” என்றார். “நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்!”

கிளம்பும்போது கேட்டேன். “உங்க வீடு யார் பேர்லண்ணே இருக்கு?”

“எங்கப்பா பேர்லதான்” என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.

அப்பா பெயரில் வீடு இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்கிறீர்களோ இல்லையோ, இன்று இரவே பீரோவிலிருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பெயரும் இனிஷியலும் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு அக்காவின் ஆதார் நகல் வேண்டும். அதைக் கேட்க வாட்ஸ்அப் செய்யாதீர்கள், போன் பண்ணுங்கள்.